விசிலின் மேல் போட்ட பழி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குற்றம் விசிலுடையது இல்லை. பாவம், என் கழுத்தில் கயிற்றோடு தொங்கிக்கொண்டு சொன்ன வேலையைச் செய்த ஜீவன் அது. ஒரு வருஷத்துக்கு மேல் அதன் மேல் பழியைப் போட்டு, வெந்நீரில் போட்டு, உப்புத் தண்ணீரில் ஊற வைத்து, கடைசியில் ஒருநாள், "சவம், நீதான என் உதட்டக் கெடுக்கே" என்று ஜன்னலுக்கு வெளியே வீசியும் எறிந்தேன். பக்கத்து வீட்டுக்காரி எடுத்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

என் பெயர் இசக்கியம்மாள். அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. பெயரைச் சொல்லி விசாரித்தால் ஊரில் யாருக்கும் தெரியாது, பி.டி. டீச்சர் என்றால் வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து காலைப் பிரார்த்தனைக் கூட்டம் முதல் சாயங்காலப் பிராக்டிஸ் வரை மைதானம்தான். எங்கள் மைதானத்துக்கு மேற்கே மலை. மற்ற மூன்று பக்கமும் வெயில்.

வீட்டுக்காரர் ஆறுமுகம் அரசு பஸ்ஸில் கண்டக்டர். திருநெல்வேலிக்கும் அம்பைக்கும் இடையே போய் வருகிறவர். அவருக்கும் விசில்தான் பிழைப்பு. எங்கள் கல்யாணத்துக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு விசில் வாங்கி மொய் எழுதியிருக்கலாம் என்று என் மகள் செல்வி கேலி செய்வாள். அவள் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். வாய் மட்டும் என்னைக் கொண்டு.

அந்த வாயில்தான் வந்தது. கீழுதட்டில், கொஞ்சம் இடப்பக்கமாக, விசிலைப் பல்லில் கவ்வுகிற இடத்தில் தோல் உரிய ஆரம்பித்தது. பனிக்காலம் என்று நெய் தடவினேன். பனிக்காலம் போயிற்று, உரிவது போகவில்லை. அப்புறம் அந்த இடம் வெளுத்துச் சொரசொரப்பானது. சிவந்த உதடு எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்று கோடு தெரியாமல் கலங்கிப்போனது. பிறகு நடுவில் ஒரு சின்னப் பொட்டு அளவுக்குப் புண். பொருக்கு கட்டும், உதிரும், ரத்தம் கசியும், மறுபடியும் பொருக்கு கட்டும். வலி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ரசம் பட்டால் சுரீர் என்று எரியும், அவ்வளவுதான்.

வலிக்காத புண்ணை யார் மதிக்கிறார்கள்? நானும் மதிக்கவில்லை. ஆனால் காரணம் மட்டும் எனக்குத் திட்டவட்டமாகத் தெரிந்திருந்தது. விசில். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் இந்த நம்பிக்கை உண்டு. போட்டிகளுக்குப் போகும் இடத்தில் வேறு பள்ளி பி.டி. மாஸ்டர்களிடம் உதட்டைக் காட்டினால், "விசில் கடி டீச்சர், எனக்கும் வந்துச்சு" என்று சொல்லிவிட்டு, அவரவர் வைத்தியத்தையும் சொல்வார்கள். இரும்பு விசிலை விட்டுப் பிளாஸ்டிக்குக்கு மாறினேன். பிளாஸ்டிக்கிலிருந்து ரப்பர் உறை போட்டதுக்கு மாறினேன். இடப்பக்கம் கவ்வுவதை விட்டு வலப்பக்கம் கவ்வப் பழகினேன். புண் இடம் மாறவில்லை. அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டும்.

தமிழ் டீச்சர் முத்துலெட்சுமி என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதி. அவள் தினமும் டிபன் டப்பாவில் மணத்தக்காளிக் கீரை கொண்டுவந்தாள். மெடிக்கல் கடைக்காரர் சத்து மாத்திரை கொடுத்தார். என் வீட்டுக்காரர் மட்டும் ஒத்துக்கொள்ளவே இல்லை.

"ஏட்டி, நானும் அன்னிக்கிருந்து இன்னிக்கி வரைக்கும் விசிலுதான் அடிக்கேன். எனக்கு வந்துச்சா?"

"நீங்க பஸ்ஸுக்கு அடிக்கீய. பஸ்ஸு ஒரு விசிலுக்கு நிக்கும். நான் அறுநூறு பொம்பளப் பிள்ளையளுக்கு அடிக்கேன். இதுக நிக்குமா?"

"அப்ப விசிலு காரணமில்ல. ஒன் வாய்தான் காரணம். தவளையும் தன் வாயால கெடும்பாவ" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு டூட்டிக்குப் போய்விட்டார். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு அவருக்குச் சோறு கட்டிக் கொடுக்கவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி நியாயமான கேள்வி. அதைப் பிறகு ஒரு டாக்டர்தான் சரியாகப் பிடித்துக்கொண்டார்.

பிள்ளைகளுக்குப் பல் பார்க்க ஒரு மருத்துவக் குழு பள்ளிக்கு வந்தது. வரிசை கட்டி நிறுத்துவது என் வேலை. நாற்காலியில் இருந்த பல் டாக்டர் செல்வியின் வயதுகூட இருக்காத பெண். நான் "வாயத் திற, ஆன்னு சொல்லு" என்று ஒவ்வொரு பிள்ளையாகத் தள்ளிவிட்டுக்கொண்டிருக்க, அவள் பிள்ளையின் வாயைப் பார்க்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், உங்க உதட்டுல அது எவ்வளவு நாளா இருக்கு?"

"அது விசில் கடிச்சதும்மா. நீ பிள்ளையப் பாரு."

"விசில் கடிச்சதுன்னா ரெண்டு மூணு வாரத்துல ஆறியிருக்கணும். கொஞ்சம் உக்காருங்களேன்."

அறுநூறு பிள்ளைகள் பார்க்க நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் கையுறை போட்டு உதட்டை இரண்டு விரலால் பைய அமுக்கிப் பார்த்தாள். அடியில் கட்டியாக இருக்கிறது என்றாள். பிறகு தாடைக்குக் கீழே, கழுத்தில், இரண்டு பக்கமும் தடவித் தேடினாள். எதைத் தேடுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் அவள் முகத்தில் சிரிப்பு போயிருந்தது. திருநெல்வேலிப் பெரியாஸ்பத்திரிக்குத் தோல் பிரிவுக்கு உடனே போகச் சொன்னாள். உடனே என்றால் அடுத்த லீவுக்கா என்று கேட்டேன். "நாளைக்கே டீச்சர்" என்றாள். என்னைச் சத்தம் போட்டு வேலை வாங்குகிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. அவள் சத்தமே போடாமல் வாங்கிவிட்டாள்.

பெரியாஸ்பத்திரி வெளிநோயாளிப் பிரிவில் காத்திருப்பதற்கு ஒரு தனிப் பொறுமை வேண்டும். என்னிடம் இல்லை. வரிசை கோணலாக நின்றது. "ஒருத்தர் பின்னால ஒருத்தரா நில்லுங்க" என்று இரண்டு தடவை சொல்லியும் விட்டேன். நர்ஸம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீங்க ஸ்டாஃபா?" என்று கேட்டாள். வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் புன்னக்காயல் மீனவர் ஒருவர் இருந்தார். பெயர் சூசை. காது மடலின் மேல் ஓரத்தில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது. அவருக்கு ஏற்கெனவே சதை எடுத்துப் பரிசோதித்து, புற்றின் ஆரம்பம் என்று சொல்லியாயிற்று. அதை அவர் கடல் நிலவரம் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னார்.

"மகன் ஒரு தொப்பி வாங்கித் தந்தான் பாத்துக்கிடுங்க. முன்னால மட்டும் நீட்டிக்கிட்டிருக்குமே, கிரிக்கெட்டுக்காரன் தொப்பி. அதைப் போட்டுட்டு, நமக்கு ஒண்ணும் வராதுன்னு தைரியமா இருந்தேன். காது ரெண்டும் வெளியதான கெடந்துருக்கு!"

என் கைப்பையில் அதே மாதிரித் தொப்பி ஒன்று இருந்தது. நான் அதை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டேன்.

தோல் டாக்டர் நடுத்தர வயது அம்மாள். முதல் கேள்வி, "வெத்தலை, புகையிலை, மூக்குப்பொடி ஏதாவது பழக்கம் உண்டா?" எனக்குச் சுள்ளென்று வந்தது. "பள்ளிக்கூடத்துப் பக்கத்துல பெட்டிக்கடையில அந்தச் சனியனை விக்கக் கூடாதுன்னு சண்டை போட்டு எடுக்க வச்சவ நான்" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. உதட்டுப் புண்ணோடு வருகிறவர்களில் நிறையப் பேருக்கு அதுதான் காரணம், அதனால் எல்லோரையும் கேட்டே ஆக வேண்டும் என்றார்.

அப்போது என் வீட்டுக்காரர் தன் பழைய வழக்கை அங்கே கொண்டுபோய் வைத்தார். "டாக்டரம்மா, இவ விசிலு விசிலுங்கா. நானும் கண்டக்டர். நானும் விசில்தான். எனக்கு ஏன் வரல?"

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். "நீங்க எங்க நின்னு விசில் அடிப்பீங்க?"

"பஸ்ஸுக்குள்ள."

"இவங்க?"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இரண்டு விசில் இருந்திருக்கிறது. ஒன்று கூரைக்குக் கீழே, ஒன்று வெட்டவெளியில். நாங்கள் விசிலையே பார்த்துக்கொண்டிருந்தோம், மேலே பார்க்கவில்லை.

"நான் கறுப்புதான டாக்டர், வெயில் எனக்கு என்ன செய்யும்?" என்று கேட்டேன். நம் எல்லோருக்கும் இருக்கிற எண்ணம்தான் இது. டாக்டர் பொறுமையாகச் சொன்னார். கறுப்புத் தோலுக்கு அந்த நிறமே ஒரு காவல். வெள்ளைத் தோல்காரர்களைவிட நமக்கு வெயிலால் வரும் தோல் புற்று குறைவு; ஆனால் குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. உதட்டில் அந்த நிறம் கொஞ்சம்தான், தோலும் மெல்லிசு. அதிலும் கீழுதடு மேலே பார்த்தபடி இருப்பதால் உச்சி வெயில் நேரே விழும். முன்பக்கம் மட்டும் நீண்ட தொப்பி நெற்றியையும் கண்ணையும் காக்கும், கன்னத்துக்குக் கீழே காக்காது, காதையும் பிடரியையும் காக்காது. வெள்ளை மணல் மைதானமும் தண்ணீர் நிற்கிற வயலும் கடலும் வெயிலைக் கீழேயிருந்து திருப்பியும் அடிக்கும். ஒரு நாள் வெயிலில் வருவது இல்லை இது. வருஷக்கணக்காகச் சேர்ந்து வருவது.

அன்றைக்கே சதை எடுத்தார்கள். இதற்கு பயாப்ஸி என்று பெயர். பெயரைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். உதடு மரத்துப்போக ஊசி போட்டு, புண்ணின் ஓரத்திலிருந்து அரிசி அளவு சதையை எடுத்து, ஒரு தையல் போட்டுவிடுவார்கள். அந்தத் துணுக்கை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து அது என்னவென்று சொல்வார்கள். ஊசிதான் வலி. மற்றதெல்லாம் காத்திருப்பு.

அந்தக் காத்திருப்பைப் பற்றி நான் உண்மையைச் சொல்ல வேண்டும். பயந்தேன். வெளியே ராணுவம் மாதிரி நடந்துகொண்டு உள்ளே நடுங்கிக்கொண்டிருந்தேன். முதலில் சாவைப் பற்றிப் பயம். கொஞ்ச நாளில் அது பழகிவிட்டது, அதைவிடச் சின்னதாகவும் அதைவிடக் கெட்டியாகவும் இன்னொரு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. உதட்டை வெட்டிவிடுவார்கள். வாய் கோணும். பேச்சு குழறும். இந்த முகத்தோடு நான் எப்படிப் பிள்ளைகள் முன்னால் போய் நிற்பேன்? வகுப்பறை டீச்சருக்குக் கரும்பலகை இருக்கிறது, புத்தகம் இருக்கிறது. எனக்கு இருப்பது என் முகமும் வாயும்தான். அறுநூறு பிள்ளைகளும் அதைப் பார்த்துத்தான் ஓடுகிறார்கள், நிற்கிறார்கள். ஒரு பிள்ளை வாயைப் பொத்திச் சிரித்தால் போதும், நான் முடிந்தேன் என்று தோன்றியது. யாரிடமும் சொல்லவில்லை. கண்ணாடி முன்னால் உதட்டை ஒரு பக்கமாக இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டேன்.

முடிவு வந்தது. செதிள் செல் புற்று. தோலின் மேலடுக்கில் மீன் செதிள்போலத் தட்டையான செல்கள் இருக்கின்றன, அவற்றில் சில தறிகெட்டு வளர ஆரம்பித்துவிட்டன என்று டாக்டர் விளக்கினார். ஆரம்ப நிலைதான், வெட்டி எடுத்தால் பெரும்பாலும் அதோடு சரி என்றார். ஆனால் கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று ஸ்கேன் செய்து பார்த்துவிட வேண்டும். இந்தப் புற்று பரவினால் முதலில் போய் உட்காருகிற இடம் அந்த நெறிதான். பல் டாக்டர் பெண் அன்றைக்கு என் கழுத்தில் எதைத் தேடினாள் என்று அப்போதுதான் விளங்கியது.

செல்வி போனிலேயே அழுதாள். "அம்மா, வாயைக் கேமராகிட்டக் கொண்டு வா" என்று சொல்லிப் பார்த்துவிட்டு இன்னும் அழுதாள். "ஏட்டி, நான் என்ன செத்தா போயிட்டேன், போனை வையி" என்று அதட்டினேன். அடுத்த நாள் காலையில் வாசலில் பையோடு நின்றாள்.

கழுத்து ஸ்கேனில் வலியே கிடையாது. குளுகுளுவென்று ஒரு பசையைத் தடவி, ஒரு கருவியை வைத்து உருட்டுவார்கள். ஸ்கேன் எடுத்த அம்மாள் ஓரிடத்தில் நிறுத்தி, மறுபடியும் அதே இடத்துக்கு வந்து, மறுபடியும் நிறுத்தினார். இசக்கியம்மா, என் குலசாமியே, என்னை எடுத்துக்கிட்டாலும் சரி, இழுத்துப்பறிச்சுக் கெடக்க மட்டும் விட்டுராத என்று வேண்டிக்கொண்டேன். "சாதாரண நெறிதான், ஒண்ணும் இல்ல" என்றார். நான் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கையெல்லாம் பசை.

அறுவைக்கு வார்டில் சேர்ந்தேன். சர்ஜன் ஒரு தாளில் உதட்டை வரைந்து காட்டினார். ஆங்கில 'வி' எழுத்துபோலச் சதையை எடுத்துவிட்டு, இரண்டு ஓரத்தையும் சேர்த்துத் தைப்பது. உதட்டில் மூன்றில் ஒரு பங்குக்குள் போனால் இப்படி நேரே தைத்துவிடலாம். அதற்கு மேல் போனால் கன்னத்திலிருந்து சதை திருப்ப வேண்டியிருக்கும். "உங்களுக்கு அவ்வளவு வேண்டாம். வாய் கொஞ்சம் சின்னதாகும். மூணு மாசத்துல உங்களுக்கே பழகிடும்" என்றார். "டாக்டர், சத்தம் போட முடியுமா?" என்று கேட்டேன். வெளியே நின்ற என் வீட்டுக்காரர் உள்ளே எட்டிப் பார்த்து, "அத மட்டும் கொஞ்சம் கொறைச்சுத் தைங்க டாக்டர்" என்றார். தியேட்டர் நர்ஸ் சிரித்ததில் என் பயத்திலும் பாதி போனது.

மயக்கம் கொடுக்கவில்லை, மரத்துப்போகத்தான் கொடுத்தார்கள். பச்சைத் துணிக்குக் கீழே கண்ணை மூடிக்கொண்டு, என் உதட்டை யாரோ இழுப்பதையும் நறுக்குவதையும் சத்தமாக மட்டும் கேட்டுக்கொண்டு கிடந்தேன். வலி இல்லை. கண்ணீர் மட்டும் காதுக்குள் ஓடியது. நர்ஸ் துடைத்துவிட்டாள். அவள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

அதன் பிறகு வந்தது பெரிய சோதனை. தையல் பிரியக் கூடாது என்பதற்காகப் பேசக் கூடாது என்றுவிட்டார்கள். நான்! பேசக் கூடாது! வார்டுக்கு வந்த முத்துலெட்சுமி அதைக் கேட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்கும் வீட்டுக்காரருக்கும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். பஸ்ஸில் ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் போகலாம். கட்டிலோரத்து எவர்சில்வர் டம்ளரில் ஸ்பூனால் நான் ஒரு தட்டுத் தட்டினால் போதும் என்று அர்த்தம், இரண்டு தட்டு என்றால் இன்னும் கொடு. அவர் கஞ்சியை வடிகட்டி ஸ்பூனில் ஊட்டுவார். பக்கத்துக் கட்டில்காரி, "எக்கா, பஸ்ஸு இப்ப எங்கன நிக்கி, முக்கூடலா?" என்று கேட்பாள். சிரித்தால் தையல் இழுக்கும். சிரிக்காமல் இருப்பதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இரண்டு தட்டுத் தட்டியும் ஒருநாள் அவர் கவனிக்கவில்லை. ஸ்பூனோடு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. டீக்கடைக்குப் போய்ட்டு வாங்க என்று கையைக் காட்டினேன். அவர் ஒரு நாளைக்கு எட்டு டீ குடிக்கிற ஆள். வேண்டாம் என்று தலையாட்டினார். அவரோடு வேலை பார்க்கிற டிரைவர் என்னைப் பார்க்க வந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. "மயினி, ஒங்களுக்கு வாய் திறக்கற வரைக்கும் தன் வாயில டீ படாதுன்னு வேண்டியிருக்காரு. டெப்போவுல எல்லாரும் சொல்லிப் பாத்துட்டோம்." எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தது. பேசவும் முடியாது. ஸ்பூனை எடுத்து டம்ளரில் விடாமல் தட்டினேன். வார்டு முழுவதும் திரும்பிப் பார்த்தது.

செலவைப் பற்றி நிறையப் பேர் கேட்டார்கள். காப்பீட்டு அட்டை இருந்ததால் எங்களுக்குப் பெரிய பாரம் இல்லை. அட்டை இருப்பவர்கள் முதல் நாளே கையோடு கொண்டுபோங்கள். நாங்கள் கொண்டுபோகாமல், அதற்காக இரண்டு தடவை அம்பைக்கு அலைந்தவர் என் வீட்டுக்காரர்.

வெட்டிய சதையின் ஓரங்களில் புற்று செல் இல்லை என்று முடிவு வந்தது. ஓரம் சுத்தம் என்றால், இருந்ததையெல்லாம் எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். இனி கொஞ்ச காலத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும். வெளியே சூசை அண்ணனைப் பார்த்தேன். காதின் மேல் ஓரம் கொஞ்சம் குறைந்திருந்தது. "கேக்கதெல்லாம் நல்லாத்தான் கேக்கு. மாதாவுக்குத் தோத்திரம். இனி சுத்திலும் அகலமா இருக்க தொப்பிதான் போடுவேன்" என்றார். கடலுக்குத்தானே போகிறீர்கள் என்று கையால் கேட்டேன். "பின்ன? கடல விட்டுட்டு எங்க போவ?" என்றார்.

வீட்டுக்கு வந்து கட்டெல்லாம் பிரித்த பிறகு கண்ணாடியைப் பார்த்தேன். வாய் சின்னதாகியிருந்தது. உதட்டின் இடப்பக்கத்திலிருந்து தாடை நோக்கி ஒரு சிவப்புக் கோடு. சிரித்தால் இடப்பக்கம் மட்டும் உள்ளே இழுத்தது. வீட்டுக்காரர் பின்னால் நின்று, "நல்லாத்தான் இருக்கு" என்றார். பொய் சொல்லத் தெரியாத ஆள், அதனால்தான் அவ்வளவு சத்தமாகச் சொன்னார். நான் அன்றைக்கே மாஸ்க் ஒரு பெட்டி வாங்கினேன்.

மாஸ்க்கோடுதான் பள்ளிக்குத் திரும்பினேன். தூசி ஆகாது என்று சொல்லிவிட்டேன். செல்வி பொத்தானை அமுக்கினால் கூவுகிற மின்சார விசில் ஒன்று வாங்கி அனுப்பியிருந்தாள். தலைமையாசிரியை தங்கமான மனுஷி. நான் கேட்டதும் பிரார்த்தனைக் கூட்டத்தைக் கட்டட நிழலுக்கு மாற்றினார். உச்சி நேரத்து விளையாட்டு வகுப்புகளை உள்ளே செஸ், யோகா என்று ஆக்கிவிட்டு, ஓட்டமெல்லாம் காலையிலும் சாயங்காலத்திலும் வைத்தோம். உடன்குடிப் பக்கம் சொல்லி எனக்கு அகல விளிம்புள்ள ஓலைத் தொப்பி வந்தது. முழுக்கைச் சட்டை, உதட்டுக்கும் முகத்துக்கும் வெயில் களிம்பு. "டீச்சர், நாத்து நடப் போறீயளா?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். மைதானத்து வேலிக்கு அந்தப் பக்கம் நாற்று நடுகிற பெண்களிடம், ஆறாத புண், ரத்தம் கசிகிற பொருக்கு, உருவம் மாறுகிற மரு எது இருந்தாலும் மூன்று வாரத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள் என்று கத்தினேன். எல்லாம் மாஸ்க்குக்குள் இருந்துதான். ஊருக்கெல்லாம் சொன்னேனே தவிர, முகத்தை ஒருவருக்கும் காட்டவில்லை. சாப்பிடும்போதுகூடச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தேன். முத்துலெட்சுமி ஒன்றும் கேட்காமல் என் பக்கத்தில் அவளும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டாள்.

ஒரு சனிக்கிழமை பரிசோதனைக்குப் போய்விட்டு ஸ்கூட்டரில் திரும்பும்போது, வண்ணார்பேட்டை சிக்னலில் நின்றோம். வண்டிக்காரர்களுக்கு வெயில் படாமல் பச்சை வலை கட்டியிருந்தார்கள். அந்த வலைக்கு வெளியே, நட்ட நடு வெயிலில், போக்குவரத்துப் போலீஸ்காரர் நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். தலையில் தொப்பி, வாயில் விசில். அவர் விசிலை எடுத்துவிட்டு உதட்டை நாக்கால் தடவியபோது பார்த்துவிட்டேன். கீழுதட்டில் வெள்ளையாக ஒரு படை, அதன் நடுவில் பொருக்கு.

என் கால் தானாக இறங்கிவிட்டது.

"ஏட்டி, எங்க போறே? சிக்னலு விழப்போவுது!" என்று வீட்டுக்காரர் கத்தினார்.

"அண்ணாச்சி, உதட்டுல அது என்ன?" என்று நேரே போய்க் கேட்டேன்.

அவர் மிரண்டுவிட்டார். "ஒண்ணுமில்லம்மா, உடம்புச் சூடு. எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சாச் சரியாயிரும். நீங்க வண்டியில ஏறுங்க."

"எத்தன மாசமாச் சரியாயிக்கிட்டிருக்கு?"

"யம்மா, நடுரோட்டுல நின்னுக்கிட்டு என்ன பேச்சு இது? போங்க!"

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அலறியது. இந்த ஆளிடம் பேசிப் பிரயோஜனமில்லை என்று தெரிந்துபோயிற்று. நான் மாஸ்க்கைக் கழற்றினேன்.

"இங்க பாருங்க. என்னையப் பாருங்க. எனக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. நானும் வெயில்ல நிக்கவதான். வெட்டி எடுத்துட்டாவ. நீங்க இப்பவே போனா வெட்டக்கூட வேண்டாமா இருக்கும்."

அவர் பார்த்தார். முதலில் என் உதட்டை, பிறகு என் கண்ணை. கை தானாகப் போய்த் தன் உதட்டைத் தொட்டது. விசிலை அடித்து வண்டிகளை அனுப்பிவிட்டு, வலைக்குக் கீழே வந்து நின்று, தணிந்த குரலில் கேட்டார்: "எந்த டாக்டர்கிட்ட தங்கச்சி போகணும்?" சொன்னேன். அவர் அடுத்த வாரமே போனார். வெயிலால் வந்த படைதான், இன்னும் புற்றாகவில்லை; பூசுகிற மருந்தோடு போயிற்று. அவரே போனில் கூப்பிட்டுச் சொன்னார்.

ஆனால் அன்றைக்கு அந்தச் சாலையில் அவருக்கு வழி சொல்லிவிட்டுத் திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. மாஸ்க் கையில் இருக்கிறது. முகம் வெயிலில் இருக்கிறது. மறுபடியும் சிவப்பு விழுந்து, நிழலில் நின்ற வண்டிக்காரர்கள் அத்தனை பேரும் என்னைத்தான் பார்க்கிறார்கள். பக்கத்தில் அம்பை பஸ் நின்றது.

"டீச்சர்!"

தலையைத் தூக்கினேன். ஜன்னலோரத்தில் எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை, கோ-கோ அணியில் இருப்பவள், அம்மாவோடு ஜவுளிப் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். என் முகத்தை நேராக, நன்றாக, முழுசாகப் பார்த்தாள். மாஸ்க்கைப் போடக் கை எழுந்தது. முடியவில்லை, பார்த்துவிட்டாளே. அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

"டீச்சர், திங்கட்கிழமை பிராக்டிஸ் உண்டுமா?"

பஸ் நகர ஆரம்பித்துவிட்டது.

"உண்டு!" என்று தையல் போட்ட வாயை முழுசாகத் திறந்து கத்தினேன். "ஆறரைக்கு வந்துரணும், லேட்டா வந்தா பாத்துக்கோ!"